நாற்பதில் ஒரு சிவப்புக் கோடு

என் பட்டறை உத்தரத்தில் ஒரு தொங்கு தராசு மாட்டியிருக்கிறது. நூறு கிலோ வரை காட்டும் வட்ட முகம், கீழே ஒரு கொக்கி. கண்ணாடியின் மேல், நாற்பது என்ற எண்ணுக்கு நேராக, ஒரு சிவப்புக் கோடு. என் அக்காவின் நகப்பூச்சால் போட்ட கோடு அது. கடத்தூரில் கதவு செய்யச் சொல்ல வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கதவுக்கு எதுக்குங்க தராசு?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல மாட்டேன். இரண்டாம் தடவை கேட்டால் வேறு பட்டறை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன். அப்படி நாலைந்து வேலை கைவிட்டுப் போயிருக்கிறது. போகட்டும்.

அதை வாங்கி வந்து மாட்டியவர் என் அக்காவின் கணவர். மாமா வளைகுடாவில் ஒரு படகுக் கம்பெனியில் பதினோரு வருஷம் ஃபைபர் தேய்த்தவர். தேய்த்த தூசு எல்லாம் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. ஊர் திரும்பியபோது படம் எடுத்துப் பார்த்த டாக்டர், போன மூச்சு போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், மூச்சோடு இழுக்கிற மருந்தை ஒரு வேளை கூட விடக் கூடாது என்றார். மாமாவின் ஊர் பென்னாகரத்துக்கு அப்பால், மேட்டூர் அணையின் தண்ணீர் வந்து தேங்குகிற கரை. பரிசலில் போய் வலை போடுவதுதான் குடும்பத்தின் பிழைப்பு. மாமாவால் இனித் துடுப்புப் போட முடியாது என்று ஆனதும் அக்கா துடுப்பைப் பிடித்தாள். சாயங்காலம் வலை போட ஒரு தடவை, விடிந்ததும் எடுக்க ஒரு தடவை. மாமா கரையில் உட்கார்ந்து அவள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி உட்கார்ந்திருப்பதுதான் அவரைத் தின்றது, நெஞ்சுத் தூசு அல்ல. "கடத்தூருக்கு வந்து பட்டறையில உக்காருங்க, மாமா. வர்றவங்களுக்குக் கதவக் காட்டுனாப் போதும்" என்று சொன்னேன். "உக்கார வெக்க நான் என்ன புள்ளையாரா, மாப்ள?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவர் கேட்டது ஒரு பாய்மரப் படகு. துடுப்புக்கு மூச்சு வேண்டும். பாய்க்குக் காற்று போதும். இதுவரை எனக்கும் புரிந்தது. எனக்குப் புரியாதது எடை. அந்தத் தண்ணீர் ஒரு இடத்தில் நிற்கிற தண்ணீர் இல்லை. கார்த்திகையில் வீட்டுக்குக் கீழே வந்து நிற்கும். சித்திரை வைகாசியில் அரை மைல் பின்னால் போய்விடும். நடுவில் வெறும் சேறு, மேலே வெடித்து, உள்ளே கொழகொழவென்று. நல்ல காற்று அடிப்பதோ ஆனி, ஆடியில், தண்ணீர் தள்ளிப் போய்க் கிடக்கிற அதே நாட்களில். சக்கரம் வைத்தால் அரை அடி புதையும். தண்ணீர் ஓரத்திலேயே விட்டுவிட்டு வந்தால் வெயில் பலகையைப் பிளக்கும், அல்லது மேலே மழை பெய்து சொல்லாமல் வருகிற தண்ணீர் தூக்கிக்கொண்டு போகும். ஆகவே, காலையும் மாலையும் அவரும் அக்காவும் ஆளுக்கு ஒரு முனை பிடித்துத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அந்த மூச்சோடு.

பங்குனியில் இருவரும் என் வீட்டில் வந்து தங்கினார்கள். பட்டறைக்கு வந்த அன்று மாமா மரத்தைப் பார்க்கவே இல்லை. சுவரில் சாய்த்திருந்த கதவுகளைப் பார்த்தார். ஒவ்வொன்றையும் தராசில் மாட்டி எடையைச் சாக்பீஸால் எழுதினார். பிறகு அவரும் அக்காவும் ஒவ்வொரு கதவாகத் தூக்கிக்கொண்டு, பட்டறைக்குப் பின்னால் உழுது போட்டிருந்த காட்டில் நடந்தார்கள். எதிர் டீக்கடைக்காரர் வெளியே வந்து நின்று, "என்னம்மா, தம்பி வூட்டுச் சீரு கதவாத்தான் குடுக்கறாரா?" என்றார். "ஆமாங்க, உங்க கடைக்குக் கதவே இல்லையாமே, மாட்டிட்டுப் போலாம்னுதான்" என்றாள் அக்கா, கதவை இறக்காமலே. மாமா சிரிக்கவில்லை. அவர் தப்படி எண்ணிக்கொண்டிருந்தார். ஐம்பது கிலோக் கதவோடு எண்பது தப்படியில் முகம் கறுத்து நின்றார். நாற்பது கிலோவோடு இருநூறு போனார். இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி இருநூறு. மூன்று நாள், மூன்று நேரம் அதே இருநூறு. மூன்றாம் நாள் சாயங்காலம் அக்காவிடம் நகப்பூச்சை வாங்கிக் கண்ணாடியில் கோடு போட்டார். "படகு, பாய், பாய்மரம், எல்லாம் சேந்து இதுக்குள்ள. இதுக்கு மேல ஒரு கிலோ போனாலும் எனக்கு வேணாம், மாப்ள."

ஃபைபரிலேயே செய்யலாமே, உங்களுக்குத் தெரிந்த வேலைதானே என்றேன். அச்சு வேண்டும், ஒரு படகுக்காக அச்சு செய்வது மடத்தனம், மேலும் கையால் போடுகிற ஃபைபர் தடித்துப்போய்க் கனக்கும் என்றார். பரிசல் மாதிரி மூங்கில் பின்னிச் சாக்குப் போட்டுத் தார் பூசினால்? பரிசலுக்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை, பாய் கட்டினால் ஆட்டுக்கல் மாதிரி சுற்றும் என்றார். தேக்கு, வேங்கை என்று நான் ஆரம்பித்ததும் தராசைக் கையால் காட்டினார். கடைசியில் வந்து நின்றது நாலு மில்லி பிளைவுட்டில். நாலு மில்லி. எங்கள் தொழிலில் அலமாரிக்கு முதுகு அடிக்கிற பலகை. தருமபுரியில் ஆறு கடை ஏறி இறங்கித் துண்டு துண்டாக வாங்கி வந்து, அக்காவின் சோற்றுப் பானையில் போட்டு நாள் முழுக்கக் கொதிக்க வைத்தார். வெயிலில் காய வைத்து மறுபடி கொதிக்க வைத்தார். தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது என்று கடைக்காரர்கள் சத்தியம் செய்த ஐந்து துண்டு அப்பளம் மாதிரி பிரிந்து வந்தது. ஒன்று மட்டும் பிரியவில்லை. பானை பிசின் நாற்றம் பிடித்துத் தெருவுக்குப் போனது. "சோறாக்குற பானைல பலகை வேவிச்சவருக்கு இன்னைக்கு ராத்திரிக்கு அந்தப் பலகைதான்" என்றாள் அக்கா. பாய்மரத்துக்குச் சித்தேரி மலைப் பக்கத்திலிருந்து ஒரு மூங்கில், மெல்லிசாக, கணு நெருக்கமாகப் பார்த்து. சட்டங்களுக்கு மலைவேம்பு. பாய்க்குக் குடைத்துணி.

செய்கிற முறை அதைவிட மோசமாகப் பட்டது எனக்கு. ஆணி கிடையாது, பொருத்து கிடையாது, கூடு கட்டுவது கிடையாது. பலகைகளை வெட்டி, ஓரத்தில் சின்னச் சின்னத் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து முறுக்கிவிட வேண்டும். தைத்தவுடன் அதுவாகவே படகு உருவத்துக்கு வளைந்து வரும். "இது நாம சோத்துக்கு இலை தைக்கற மாதிரிதான்டா" என்று அக்கா ஒரே நாளில் பாதியைத் தைத்து முடித்தாள். பிறகு உள்மூலையில் எபாக்ஸி ரெசின் என்ற பசையில் சலித்த மரத்தூளைக் குழைத்துப் பூசி, அதன் மேல் ஃபைபர் பட்டி ஒட்ட வேண்டும். அடிப்பாகத்துக்கு மட்டும் வெளியே மெல்லிய ஃபைபர் துணி ஒரு சுற்று. முடிந்தது. சித்திரை வெயிலில் டம்ளரில் கலந்த முதல் ரெசின் சில நிமிஷத்தில் கொதித்துப் புகைந்து டம்ளரையே உருக்கியது. அதற்குப் பிறகு விடியற்காலையில், அகலத் தட்டில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தோம். கலவையைக் கூட மாமா எடை போட்டுத்தான் சொல்வார். புகையும் தூசும் ஆகாது என்பதால் காற்றுக்கு எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அங்கிருந்தே சொல்லுவார். வெட்டுகிற ஒவ்வொரு துண்டையும் நான் கொண்டு போய்க் காட்டி, தராசில் மாட்டி, எடையைக் கத்திச் சொல்ல வேண்டும். என் சொந்தப் பட்டறையில் நான் ஒரு சட்டத்தை இழைத்தது போதுமா என்று இன்னொருவரிடம் கேட்டு நின்றது அந்த இரண்டு மாதம்தான்.

எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே இருந்தது. நான் கதவுக்காரன். எங்கள் ஊரில் கதவு வாங்குகிறவன் முதலில் செய்வது, ஒரு முனையைத் தூக்கிப் பார்ப்பது. கனம் இருந்தால்தான் காசுக்கு நியாயம் செய்திருக்கிறான் என்று நம்புவான். லேசாக இருந்தால் திருடன் என்பான். முப்பது வருஷமாக என் கை கற்றது அது ஒன்றுதான்: சந்தேகமாக இருந்தால் தடிமனைக் கூட்டு. ஒருநாள் மாமா இல்லாத நேரத்தில் படகின் அடியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். உள்ளே போயிற்று. வெளியே வந்தது. தகரம் மாதிரி. இதன் மேல் என் அக்கா உட்காரப் போகிறாள், அவளுக்குக் கீழே ஆள் ஆழத்துக்கு மேல் ஆள் ஆழம் தண்ணீர். அவளுக்கு நீச்சல் சுமாராகத்தான் தெரியும். அன்று சாப்பிடும்போது, "மாமா, அடிக்காவது ஆறு மில்லி போட்டுரலாங்க" என்றேன். "அதுக்கு நான் செத்துப்போயிட்டு உங்க அக்காவுக்குத் தனியா ஒரு படகு செஞ்சு குடு" என்றார். அக்கா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

வைகாசியில் மாமாவின் தங்கை மகளுக்குக் காது குத்து என்று இருவரும் ஊருக்குப் போனார்கள். நான்கு நாள். அந்த நான்கு நாளில் நான் செய்ததை மறைத்து எழுதிப் பிரயோஜனம் இல்லை. ஒரு சுற்று மெல்லிய துணி போட வேண்டிய இடத்தில் தடித்த துணி இரண்டு சுற்று போட்டேன். உள்ளேயும் ஒரு சுற்று. அடியில் நடுவே நீளத்துக்கும் வேங்கைச் சட்டம் ஒன்று ஒட்டினேன். மனசு ஆறாமல் பித்தளை ஸ்க்ரூவும் இறக்கினேன். இரண்டு பூச்சு பெயிண்ட் அடித்ததும் எதுவும் தெரியவில்லை. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். அசையவில்லை. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக நிம்மதியாகச் சாப்பிட்டேன். பிறகு பாயையும் பாய்மரத்தையும் உள்ளே வைத்து, செயின் போட்டுத் தூக்கித் தராசில் மாட்டினேன். நாற்பத்தொன்பது.

அந்தத் தராசின் பின்னால் ஒரு திருகு உண்டு. முள் சைபரில் நிற்காவிட்டால் சரிசெய்வதற்கு. படகு தொங்கிக்கொண்டிருக்கும்போதே நான் அந்தத் திருகைத் திருப்பினேன். முள் இறங்கி இறங்கிச் சிவப்புக் கோட்டின் மேல் வந்து நின்றது. சாயங்காலம் மாமா வந்தார். முதலில் படகின் வயிற்றை உள்ளங்கையால் தடவினார். "பெயிண்ட் அதிகமா அடிச்சுட்டியா, மாப்ள?"

"ரெண்டு கோட்டுதாங்க."

அண்ணாந்து முள்ளைப் பார்த்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். "கனமாச் செய்யறதத் தவிர வேறொண்ணும் தெரியாதவன் கையில இருந்து வந்திருக்குது பாரு. மயிரிழை தப்பல." அவர் என்னைப் பாராட்டியது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான். அவர்கள் டீ குடிக்கப் போனதும் படகை இறக்கிவிட்டுத் திருகைப் பழையபடி வைத்தேன்.

படகு நன்றாகப் போயிற்று. அதையும் சொல்ல வேண்டும். ஆனி முதல் வாரம் நானே கரையில் நின்று பார்த்தேன். மாமா கயிற்றை ஒரு கையில் பிடித்து, இன்னொரு கையால் சுக்கானைத் தொட்டுக்கொண்டு, மூச்சே வாங்காமல் அக்கரைப் பக்கம் போய் வலை போட்டுத் திரும்பினார். அக்கா முன்னால் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் துடுப்பைத் தொடாமல் அந்தத் தண்ணீரில் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். செய்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன். வீட்டிலிருந்து தண்ணீருக்குப் போகிற சேற்றில் வரிசையாகக் கருங்கற்கள் கிடந்தன. வழி காட்ட வைத்தவை என்று நினைத்தேன். அக்காதான் சொன்னாள். படகைத் தூக்கிக்கொண்டு போகும்போது மாமா முதல் தடவை எங்கே இறக்கி வைக்கிறாரோ அங்கே ஒரு கல் வைக்கிறார், ஒரு நாளைக்கு ஒரு கல். தண்ணீர்ப் பக்கம் தள்ளி இருந்த கல் முதல் நாள் கல். வீட்டுக்குக் கிட்டே இருந்தது முந்தைய நாள் கல். நான் நடந்து எண்ணினேன். நூற்றுப் பத்து, நூறு, தொண்ணூற்றைந்து, எண்பது. பயந்தவனுக்கு மூச்சு இன்னும் சீக்கிரம் வாங்கும். எடை கூடாவிட்டாலும் நாளுக்கு நாள் கல் வீட்டை நோக்கித்தான் வரும். மாமா வாசலில் உட்கார்ந்து நான் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பங்குனில இரநூறு. இப்ப எம்பது. கதவு அதே எடை, படகும் அதே எடை. நடுவுல மூணே மாசம். மிச்சத்த நீயே போட்டுப் பாத்துக்க, மாப்ள" என்றார். சாதாரணமாகச் சொன்னார், மழை வருமா என்று சொல்வது போல.

"சேறுங்க மாமா. காடு வேற, சேறு வேற."

"உழுத காட்டுல நடந்ததே அதுக்குத்தான். நீ சமாதானம் சொல்லாத. தராசு ஒண்ணு சொல்லுது, என் நெஞ்சு ஒண்ணு சொல்லுது. தராசுக்கு என்ன, பொய் சொல்லி ஆவப்போறது ஒண்ணுமில்ல." கற்களைப் பார்த்துக்கொண்டே, "ஆடி கழியட்டும். உங்க அக்காவ உங்க வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு. வலைய யாருக்காச்சும் குடுத்தரலாம். நான் மட்டும் இங்கயே இருந்துக்கறேன்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரிங்க மாமா" என்றேன்.

இதை எழுதும்போதும் எனக்கு என்னைச் செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது. அந்த இடத்தில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. வெட்கம் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கம் பாதிதான். மீதிப் பாதி, நான் ஆரம்பத்திலிருந்து கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. அக்கா தண்ணீரை விட்டு வரப் போகிறாள். பரிசல் இல்லை, படகு இல்லை, ராத்திரி போன் அடித்தால் நெஞ்சு திடுக்கிடாது. பத்து நாள் நான் கடத்தூரில் கதவு இழைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நல்ல மனிதர் தன் சாவை எண்பது தப்படியில் எண்ணிக்கொண்டிருந்தார், நான் அக்காவுக்கு எந்த அறையை ஒழித்துக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் அக்கா போன் செய்தாள். மாமா இழுக்கிற மருந்தை நிறுத்திவிட்டார். இன்றைக்கு நேற்றைக்கு இல்லை, ஆறு நாளாக. வாங்கி வந்ததைப் பிரிக்காமல் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். "போற மூச்சுக்கு எதுக்குத் தண்டச் செலவுன்னு கேக்கறார்டா. நான் என்னான்னு பதில் சொல்றது?" என்று அழுதாள். அக்கா அழுது நான் கேட்டதில்லை. எங்கள் அப்பா செத்தபோது கூட மற்றவர்களை அதட்டிக்கொண்டுதான் நின்றாள்.

தராசைக் கழற்றினேன். வண்டியில் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு தருமபுரி, பென்னாகரம் என்று எங்கும் நிற்காமல் போனேன். எதிர்க்காற்று ஆளைத் தள்ளியது. என்ன சொல்வது என்று வழி நெடுக யோசித்தேன். எனக்குச் சண்டை போடத் தெரியும், மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தடியில் படகைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். யாரையும் கூப்பிடாமல் தாழ்ந்த கிளை மேல் கயிற்றைப் போட்டு, ஒரு முனையில் தராசைக் கட்டி, கொக்கியில் படகை மாட்டினேன். மறுமுனையை நானே இழுத்துத் தூக்க ஆரம்பித்தேன். சத்தம் கேட்டு இருவரும் வந்தார்கள். படகு தரையை விட்டு எழுந்தது. காற்றில் ஆடியது. ஆட்டம் நின்றதும் முள்ளும் நின்றது. நாற்பத்தொன்பது.

"அன்னைக்கு நான் திருகத் திருப்பி வெச்சுட்டேன், மாமா. இதுதான் நெசம்."

மாமா முள்ளைப் பார்த்தார். கண்ணாடியில் கோட்டுக்கும் முள்ளுக்கும் நடுவே விரலை வைத்து அளந்தார். பிறகு திரும்பிச் சேற்றில் இறங்கி, கற்கள் கிடந்த வழியே நடந்து போனார். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஒரு மாசமா அவரு பக்கத்துல படுத்து மூச்ச எண்ணிக்கிட்டுக் கெடந்தேன்டா. எண்ணிக்கிட்டே கெடந்தேன்" என்றாள். அடித்திருந்தால் தேவலை. மாமா எண்பதாம் தப்படியில் கிடந்த கல்லின் மேல் போய் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. மூச்சு வாங்குகிறாரா, அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. போய்ப் பார்க்கத் தைரியமும் இல்லை. வெயில் சாயும் நேரத்துக்குத் திரும்பி வந்தார். கால் முழுக்கச் சேறு.

"எங்கெங்க ஏத்துன, சொல்லு" என்றார்.

சொன்னேன். கேட்டுக்கொண்டார். "பயந்துக்கிட்டியா?"

"ஆமாங்க."

"பயமா இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதான? ஒம்பது கிலோவுல கொண்டாந்து ஒளிச்சு வெச்சிருக்கற." அக்காவிடம் திரும்பி, "அந்த மருந்த எடுத்துட்டு வா" என்றார்.

அன்றிரவே ஒரு டெம்போ பிடித்துப் படகைப் பட்டறைக்கு ஏற்றி வந்தேன். ஸ்க்ரூவைக் கழற்றித் துளைகளை அடைத்தேன். வேங்கைச் சட்டத்தை உளியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தேன். இறுகிப்போன துணியைச் சூடு காட்டிச் சுரண்டினால் பலகையும் சேர்ந்து வரும். விரல் நீளம் உரிக்க அரை மணி நேரம் ஆயிற்று. மிச்சத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். எட்டு நாள். மூக்கில் துணி கட்டியும் தூசு தொண்டைக்குள் இறங்கியது. எட்டு நாள் தேய்த்ததற்கே எனக்கு இரவெல்லாம் இருமல். பதினோரு வருஷம் தேய்த்தவர் ஒரு நாளாவது அதைப் பற்றிப் பேசினாரா என்று யோசித்தேன். பேசியதே இல்லை. எடை நாற்பத்தொன்றுக்கு வந்தது. அதற்குக் கீழே இறங்கவில்லை. போனில் சொன்னேன். "அந்த ஒரு கிலோ உங்க அக்காவுக்காவ நீ போட்டது. இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

படகைத் திரும்பக் கொண்டு போய் இறக்கிவிட்டு, அவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்க நின்றேன். எண்பதைத் தாண்டினார்கள். நூற்றுப் பத்தைத் தாண்டினார்கள். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. நூற்றெழுபதில் இறக்கி வைத்தார். இருநூறு இல்லை. ஆறு நாள் மருந்தில்லாமல் இருந்ததற்கான விலை என்று நான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அவர் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார். தண்ணீர் ஓரம் போனதும் என்னைக் கூப்பிட்டுப் படகில் ஏறச் சொன்னார். ஆடிக் காற்று. பாய் விறைத்ததும் படகு ஒரு பக்கம் சாய்ந்து ஓடியது. என் காலுக்குக் கீழே நாலு மில்லிப் பலகை அலைக்கு அலை உள்ளே வந்து வெளியே போயிற்று. இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டேன். "பயமா இருக்குதா?" என்று பின்னாலிருந்து கேட்டார். இருக்குது என்றேன். "இப்ப மட்டும் வாய் வருதுல்ல" என்றார். அக்கா கரையிலிருந்து சிரித்தது தண்ணீர் மேல் கேட்டது.

அதற்குப் பிறகு இரண்டு ஆனி, இரண்டு ஆடி. கற்கள் சேற்றிலேயே கிடந்தன. தண்ணீர் வந்து மூடும், போனதும் வெளியே வரும். புதிதாக அவர் கல் எதுவும் வைக்கவில்லை. மூன்றாம் வருஷம் வைகாசி கடைசியில் மாமா போன் செய்தார். தராசை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

போனேன். எண்பதுக்கு முன்னாலேயே இறக்கி வைக்கிறார் என்று அக்கா சொன்னாள். அதே புளியங்கிளை. படகை முந்தின நாளே வெயிலில் உலர வைத்திருந்தார், தண்ணீர் குடித்துக் கனத்திருக்குமோ என்று. தராசைக் கட்டியதும் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். முதலில், தராசு பொய் சொல்கிறதா என்று பார்க்க, அக்கா கடையில் எடை போட்டு வாங்கி வந்த இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை மாட்டினார்கள். இருபத்தைந்து. அப்புறம் அக்காவும் பக்கத்து வீட்டு அம்மாவும் கயிற்றை இழுத்தார்கள். படகு எழுந்தது, ஆடியது, நின்றது. நாற்பத்தொன்று.

மாமா என்னைப் பார்த்தார். மூன்று வருஷத்தில் முகம் சின்னதாகியிருந்தது. பேச்சு இரண்டு இரண்டு வார்த்தையாகத்தான் வந்தது.

"திருகு எதாச்சும் தொட்டியா, மாப்ள?"

"இல்லீங்க மாமா."

"தொட்டிருந்தா சொல்லு. கோவிச்சுக்க மாட்டேன்."

நான் தலையை ஆட்டினேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய் வாசலில் உட்கார்ந்தார். ஒன்பது கிலோவை எங்கேயாவது ஒளித்து வைத்திருக்கக் கூடாதா என்று எனக்கு இருந்தது. அந்த ஆடி முடிவதற்குள் போய்விட்டார்.

அக்கா என் வீட்டுக்கு வரவில்லை. ஒழித்து வைத்த அறையில் இப்போது பலகை அடுக்கியிருக்கிறேன். அவளும் பக்கத்து வீட்டு அம்மாவும் படகைத் தூக்கிக்கொண்டு போய் வலை போடுகிறார்கள். இருநூறு தப்படி தாண்டியும் இறக்குவதில்லை, வம்பு பேசிக்கொண்டே போகிறார்கள். நான் போன் செய்து ஜாக்கிரதை என்று சொன்னால், "பயமா இருக்குதா? இருக்கட்டும்" என்று வைத்துவிடுகிறாள்.

தராசைத் திரும்பக் கொண்டு வந்து அதே உத்தரத்தில் மாட்டினேன். காலையில் பட்டறையைத் திறந்ததும் கை தன்னால் கொக்கிக்குப் போகிறது. ஒரு இழுப்பு இழுத்து விடுவேன். முள் எழும்பி, சிவப்புக் கோடு வரை போய், திரும்பி வந்து சைபரில் நிற்கும். ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். ஒரு மயிரிழை கூடத் தப்பாக நிற்பதில்லை.